பழைய மரத்தில் வீட்டுச் சாமான்

இடித்த வீட்டின் கதவு, நிலை, சன்னல் சட்டம், உத்தரம், சரக்குப் பெட்டிப் பலகை, ஓடாத தையல் மெஷினின் இரும்புக் கால் என ஒதுக்கிப் போட்ட பொருள்களைக் கொண்டு மேசை, பெஞ்சு, கட்டில், அலமாரி போன்றவற்றைத் தாமே செய்துகொள்ளும் கைவேலை. வழக்கமான தச்சில் முதலில் அளவு எடுப்பார்கள், பிறகு அதற்கேற்ற மரம் வாங்குவார்கள். இதில் கிடைத்த மரம்தான் அளவைத் தீர்மானிக்கும். ஆறடிக் கதவு கிடைத்தால் பக்கத்துக்கு மூவர் உட்காரும் சாப்பாட்டு மேசை ஆகும். நாலடிச் சன்னல் கதவு கிடைத்தால் கூடத்துக்குத் தாழ்வான ஒரு மேசை ஆகும்.

இல்லாதவர்கள் எல்லா ஊரிலும் செய்துவந்த இந்த வேலைக்கு ஒரு முறையை வகுத்து எழுதியவர்களில் முன்னோடி, அமெரிக்கரான லூயிஸ் பிரிகம். வட துருவப் பகுதியைச் சேர்ந்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில், நிலக்கரிச் சுரங்கத்தார் குடியிருப்பில் அவர் தங்கியிருந்தார். மரமே வளராத அந்த மண்ணில் பலகை என்று இருந்தவை சாமான் வந்திறங்கிய பெட்டிகள் மட்டுமே. அவற்றைக் கொண்டு அவர் செய்து பழகியவை 1909இல் ‘பாக்ஸ் ஃபர்னிச்சர்’ என்ற நூலாக வந்தன. நூறு சாமான்கள் செய்யும் வழி அதில் உண்டு. பின்னர் நியூயார்க்கில் ஏழைச் சிறுவர்களுக்கு இதே வேலையைக் கற்றுக்கொடுக்கும் பட்டறையும் நடத்தினார். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், 1934இல், நெதர்லாந்தின் கெரிட் ரீட்வெல்ட் பெட்டிப் பலகையில் நாற்காலி வடிவமைத்தார். வடிவமைப்பு வரலாற்று நூல்கள் ரீட்வெல்டைப் பற்றித்தான் நிறைய பேசுகின்றன. பிரிகமுக்கும் அதே அளவு இடம் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வாய்த்த ஆகச் சிறந்த மரம் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு. பர்மாவில் தொழில் நடத்திய நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அந்தத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூண், உத்தரம், கதவு என்று இழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாத் தொழில் முறிந்தது. பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் போன வீடுகள் பல பின்னாளில் இடிபட்டன. அவற்றின் மரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்றும் விற்பனைக்குக் கிடக்கிறது. பல தலைமுறை காய்ந்த மரம் என்பதால் பச்சை மரத்தைப் போல முறுக்கிக்கொள்வதில்லை. மூட்டு எளிதில் விலகாது. ஆனால் வேலைப்பாடு குலையாமல் முழுதாக இருக்கும் நிலையையும் கதவையும் மேசைக்காக அறுக்கவே கூடாது. அது இன்னொரு வீட்டின் வாசலுக்குப் போக வேண்டியது. உடைந்தது, ஒரு பக்கம் செல்லரித்தது, ஜோடி தொலைந்த ஒற்றைக் கதவு ஆகியவையே மேசைக்கு உரியவை.

கதவு மேசையாகும் விதம்

முதல் வேலை ஆணி எடுப்பது. பொறுமை கேட்கும் வேலையும் இதுதான். பழைய ஆணிகளின் முனையை மறுபக்கம் மடித்து அடித்திருப்பார்கள். கொண்டையைப் பிடித்து அப்படியே இழுத்தால் மரம் சிலாம்பு சிலாம்பாகப் பெயரும். மடிந்த முனையை நிமிர்த்தி, பின்னாலிருந்து மெல்லத் தட்டி, கொண்டை வெளியே தலைகாட்டிய பிறகே சுத்தியலின் பிளவால் பிடுங்க வேண்டும். கொண்டை இற்றுப்போன ஆணி உள்ளே நின்றுவிடுவதுண்டு. காந்தத்தைப் பலகைமேல் நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். தப்பிய ஓர் ஆணி போதும், இழைப்புளியின் அலகு போய்விடும். ஆணி இருந்த இடத்தில் துரு ஊறிய கருவட்டம் நிற்கும். அதை மறைக்க மெழுகும் பொடியும் அடைப்பவர்கள் உண்டு, விட்டுவிடுவதே அழகு.

கீல் இல்லாத பழங்கதவுகள் மேலும் கீழும் குடுமி வைத்துச் சுழன்றவை. மேசைப் பலகைக்கு அந்தக் குடுமியை மட்டமாக அறுத்தெடுக்க வேண்டும். சட்டத்துக்குள் பலகை தாழ்ந்திருக்கும் கதவானால் தட்டு நிலைக்காது. மேலே கண்ணாடி போடுவது வழக்கம். கால்களுக்கு நிலைச் சட்டத்தின் மிச்சம் போதும். தரையிலிருந்து மேற்பரப்பு 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் சாப்பிட வசதி. பெஞ்சுக்கு 45 செ.மீ. தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் காலில் பலகையோ கடப்பாக் கல்லோ பொருத்தினால் சிறிய மேசை கிடைக்கும். மிதிபலகையை அசையாமல் கட்டிவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ நெருப்புக் காட்டி உரிக்கவோ கூடாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடக் கூடாது.

மரத்தில் பொடித் துளைகள் இருந்தால் கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். புதிதாக மாவு உதிர்ந்தபடி இருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கலாம். மருந்து வைக்காமல் அந்தப் பலகையை வீட்டுக்குள் ஏற்றினால் மற்ற சாமானுக்கும் பரவும்.

தொழிற்பேட்டைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘பேலட்’ சட்டங்களில் பன்னாட்டுச் சரக்குக்கானவை முத்திரை தாங்கியிருக்கும். எச்டி (HT) என்ற எழுத்து இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. அதை வீட்டுக்கு எடுக்காமல் விடுவது நல்லது. முத்திரை சரியாக இருந்தாலும் எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை படிந்ததை வாங்கக் கூடாது.

மெருகுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஒற்றும் பிரெஞ்சு பாலிஷ் தேக்குக்குப் பொருந்தும். ஆனால் சூடான பாத்திரம் வைத்தால் வெளுக்கும். சாப்பாட்டு மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் மேல். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகோ தண்ணீரில் முக்கியோதான் எறிய வேண்டும்.