அந்தஸ்துக்காக வளர்க்கப்படும் ஆக்ரோஷ நாய்கள்: பிரிட்டனின் வரலாறு

2009ஆம் ஆண்டு லண்டன் மாநகரக் காவல்துறை ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. அதற்கு இடப்பட்ட பெயர் 'அந்தஸ்து நாய்கள் பிரிவு'. குற்றவாளிகளைப் பிடிக்க உதவும் மோப்ப நாய்களுக்கான பிரிவு அல்ல இது. பிறரை மிரட்டவும், தெருவில் தனக்கென ஒரு மதிப்பை உண்டாக்கிக்கொள்ளவும் சிலர் வளர்த்துவந்த நாய்களைக் கையாள்வதற்கான பிரிவு. ஒரு நாட்டின் காவல்துறைக்கு இப்படியொரு பிரிவு தேவைப்பட்டது என்றால், சிக்கல் எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்பதை உணரலாம்.

அந்த நாய்களை வைத்திருந்தவர்களில் பலர் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த இளைஞர்கள். அதனால் இது ஏழைகளின் முரட்டுத்தனம் என்று செய்தித்தாள்கள் எழுதின. வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. மூர்க்கமான நாயை மதிப்பின் அடையாளமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த நாட்டில் அரண்மனையிலும் பண்ணை வீடுகளிலும்தான் முதலில் வேர்விட்டது.

நிலம் உள்ளவருக்கே வேட்டை நாய்

இடைக்கால இங்கிலாந்தில் அரசரின் வேட்டைக்காடுகளுக்குத் தனிச் சட்டம் இருந்தது. அந்தக் காடுகளின் எல்லைக்குள் வாழ்ந்த குடிமக்கள் காவலுக்குப் பெரிய நாய் வளர்க்கலாம். ஆனால் அது அரசரின் மானைத் துரத்தக் கூடாது. எனவே நாயின் முன்னங்காலிலிருந்து மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும் என்பது விதி. 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம் இந்த விதியை நீக்கவில்லை. நகங்களுக்குக் கீழுள்ள சதையை வெட்டக் கூடாது என்றும், மூன்றாண்டுகளுக்கு ஒருமுறைதான் சோதனை நடத்த வேண்டும் என்றும் சற்றே தளர்த்தியது. நகம் வெட்டப்படாத நாயின் சொந்தக்காரருக்கு மூன்று ஷில்லிங் தண்டம்.

1671இல் வந்த வேட்டைச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் இல்லாத சாமானியர் கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களை வைத்திருக்கக் கூடாது. நிலக்கிழாரின் வேட்டைக் காவலர் வீடு புகுந்து சோதித்து அந்த நாய்களைப் பறித்துச் செல்லலாம். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்காலத்தில் ஒரு மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பதற்கு, ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் போதும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்றால் 100 பவுண்டு என்பது 2,000 ஷில்லிங். அதாவது வாக்குரிமைக்கு வேண்டியதைப் போல 50 மடங்கு சொத்து இருந்தால்தான் வேட்டை நாய்! இந்தச் சொத்துத் தகுதி 1831 வரை நீடித்தது. நாயைப் பார்த்தே அதன் சொந்தக்காரரின் தகுதியை அறியும் நிலையைச் சட்டமே உருவாக்கி வைத்திருந்தது.

கரடித் தோட்டமும் சண்டைக் குழியும்

நாயின் மூர்க்கத்தைக் கண்டு களிப்பதும் அரசவையின் பொழுதுபோக்காக இருந்தது. 1575இல் முதலாம் எலிசபெத் அரசி கெனில்வொர்த் கோட்டைக்கு விருந்தினராகச் சென்றபோது, கட்டப்பட்ட 13 கரடிகள்மீது மாஸ்டிஃப் நாய்களை ஏவிக் காட்டினார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், நாடக அரங்குகளுக்குப் பக்கத்திலேயே, இதற்கென்று 'கரடித் தோட்டம்' என்னும் அரங்கம் இருந்தது. அரசரின் கரடிகள், காளைகள், மாஸ்டிஃப் நாய்கள் ஆகியவற்றுக்குத் தலைமை அதிகாரி என ஒரு பதவியும் உண்டு. மார்லோவின் நாடகங்களில் நடித்துப் புகழ்பெற்ற எட்வர்ட் ஆலெய்ன் 1604இல் இன்னொருவருடன் சேர்ந்து இப்பதவியைப் பெற்றார். லண்டனின் டல்விச் பகுதியில் இன்றும் நடைபெற்றுவரும் புகழ்மிக்க பள்ளியை 1619இல் நிறுவியவரும் இவரே. கரடிச் சண்டையில் வந்த பணத்துக்கும் அந்தப் பள்ளியில் ஒரு பங்கு இருக்கத்தான் செய்யும்.

ஊர்ப்புறங்களில் கரடிக்குப் பதிலாகக் காளை. நம் ஏறுதழுவுதலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே காளை முளையில் கட்டப்பட்டிருக்கும். நாய் பாய்ந்து அதன் மூக்கைக் கவ்வி விடாமல் தொங்க வேண்டும். 'புல்டாக்' என்ற பெயர் இப்படி வந்ததே. இதைத் தடைசெய்ய 1800இல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. வில்லியம் விண்டம் என்ற அமைச்சர் அதைக் கடுமையாக எதிர்த்தார். செல்வர்களின் நரிவேட்டையை விட்டுவிட்டு ஏழைகளின் கேளிக்கையை மட்டும் தடுப்பது என்ன நீதி என்பது அவருடைய வாதம். விலங்கு வதையை அவர் ஆதரித்தது தவறு. ஆனால் அவர் கேட்ட கேள்வியில் உண்மை இருந்தது. மசோதா மிகச் சில வாக்குகளில் தோற்றது. 1835இல்தான் காளைச் சண்டை, கரடிச் சண்டை, நாய்ச் சண்டை எல்லாவற்றையும் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

தடைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். காளையைக் கட்டிச் சண்டை நடத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். இரண்டு நாய்களை ஒரு மதுக்கடையின் பின்கட்டில் மோதவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆகவே புல்டாக்கின் பிடியையும் டெரியரின் வேகத்தையும் கலந்து புதிய சண்டை நாய்கள் உருவாயின. 'பிட்' என்றால் குழி. சண்டை நடந்த குழியின் பெயரே பின்னாளில் பிட்புல் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களோடு இந்த நாய்களும் கப்பலேறின. அங்கே அமெரிக்கன் பிட்புல் டெரியர்களைப் பதிவுசெய்ய 1898இல் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலோ, பர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹிங்க்ஸ் 1860களில் இதே கலப்பிலிருந்து வெள்ளை நிறப் புல் டெரியரை உருவாக்கிக் கனவான்களுக்கு ஏற்ற நாயாக ஆக்கினார். நிறம் வெளுத்ததும் நாயின் சாதியும் உயர்ந்துவிட்டது என்று சொல்லலாம்!

நாய் தரும் மதிப்பு எத்தகையது?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தார்ஸ்டீன் வெப்லென் 1899இல் வெளியிட்ட 'ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு' என்ற நூலில் நாயைப் பற்றியும் ஆராய்ந்தார். நாய்க்குச் செலவு அதிகம். அதனால் உற்பத்திப் பயன் குறைவு. எனவே அது வசதியைக் காட்டும் அடையாளமாகிறது. அதோடு, தன் எசமானனிடம் அடங்கிக் குழைந்து பிறரைத் தாக்கத் தயாராக இருக்கும் அதன் குணம், ஆளும் ஆசைக்குத் தீனி போடுகிறது. இது அவருடைய விளக்கத்தின் சாரம்.

இந்த இரண்டாவது கூற்றுதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது. விலையுயர்ந்த காரைக் கண்டால் மற்றவர் வியப்பார். மூர்க்கமான நாயைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார். வேலையோ படிப்போ சொத்தோ மதிப்பைத் தராத இடத்தில், இந்த ஒதுங்கலே மரியாதை போலத் தோன்றுகிறது. கத்தியோடு தெருவில் நடந்தால் இங்கிலாந்தில் கைது செய்வார்கள். வாரில் பிடித்த நாயோடு நடப்பவரை அப்படிச் செய்ய முடியாது. சைமன் ஹார்டிங் என்ற ஆய்வாளர் 2012இல் எழுதிய நூலில் 'ஆயுத நாய்' என்ற சொல்லையும் சேர்த்தே கையாள்கிறார்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மைதான். ஜென்னி மாகெர், ஹாரியட் பியர்பாயிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் நாய் வைத்திருந்த இளைஞர் குழுக்களைப் பற்றி 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 25 இளைஞர்களை அவர்கள் நேர்கண்டனர். அந்த இளைஞர்கள் முதன்மையாகச் சொன்ன காரணம் துணையும் நட்பும். பாதுகாப்பு, மதிப்பு ஆகியவை அடுத்தபடியாகவே வந்தன. தன்னை மிரட்டும் தெருவில் வாழ்பவன் தன் பயத்தை மறைக்கவும் நாயைத் தேடுகிறான். அதே நாயைக் கண்டு எதிர்வீட்டுக்காரன் பயந்து, அதைவிடப் பெரிய நாயை வாங்குகிறான். இதில் நாய்களும் வதைபடுகின்றன. மரக்கிளையைக் கவ்வித் தொங்கவிட்டுத் தாடைக்கு வலுவேற்றுவது, மிரட்டும் தோற்றத்துக்காகக் காதுகளை வெட்டுவது, சலித்த பின் காப்பகத்தில் தள்ளுவது எனப் பல கொடுமைகள்.

சட்டம் துரத்திய நாய்கள்

1991 மே மாதம் பிராட்ஃபோர்ட் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பிட்புல் நாய் கடித்துக் குதறியது. நாடே கொதித்தது. உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் முன்வைத்த ஆபத்தான நாய்கள் சட்டம், இரண்டே மாதங்களில், ஜூலையில் நிறைவேறியது. பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகள் தடைப்பட்டியலில் வந்தன.

இந்தச் சட்டம் 'இனம்' என்று சொல்லாமல் 'வகை' என்று சொன்னது. ஆகவே பெற்றோர் எந்த இனம் என்பது கணக்கில் வராது. தலை, மார்பு, கால் முதலியவற்றை அளந்து பார்த்துப் பிட்புல் சாயல் போதிய அளவு இருந்தால் அது தடைசெய்யப்பட்ட நாய். அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வளர்ப்பவருடையது. சாதுவாக வீட்டில் கிடந்த கலப்பின நாய்கள்கூட இதில் சிக்கின. தடைசெய்யப்பட்ட வகை என்று முடிவானால் பெரும்பாலும் கொல்வது தவிர வேறு வழியில்லாதிருந்தது. 1997 திருத்தம்தான் நீதிமன்றத்துக்கு விலக்களிக்கும் அதிகாரத்தைத் தந்தது.

மூர்க்கம் தேடியவர்கள் என்ன செய்தார்கள்? சட்டத்துக்கு உட்பட்ட ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் பக்கம் பலர் திரும்பினர். பெரிய அளவுக் கலப்பினங்களை உருவாக்கினர். தடை என்ற முத்திரையே அந்த நாய்களுக்குக் கூடுதல் கவர்ச்சியைத் தந்தது என்பது என் கருத்து. பின்னர் அமெரிக்காவிலிருந்து 'எக்ஸ்எல் புல்லி' வந்தது. பிட்புல் வழியில் வந்த கலப்பினமான இது பட்டியலில் இல்லை. அதனால் தாராளமாக விற்பனையானது. தொடர்ச்சியான உயிரிழப்புகளுக்குப் பின், 2023 செப்டம்பரில் பிரதமர் ரிஷி சுனக் தடையை அறிவித்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த ஆண்டு டிசம்பர் 31 முதல் விற்பனையும் இனப்பெருக்கமும் குற்றமாயின. 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றமானது. சான்றிதழுக்குக் கட்டணம் 92 பவுண்டு 40 பென்ஸ்; கருத்தடை அறுவை சிகிச்சை, மைக்ரோசிப், காப்பீடு, வெளியே வாய்மூடி எல்லாம் கட்டாயம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்கு இச்சான்றிதழ் பெறப்பட்டது.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தையை இழந்த வீட்டில் போய் நாய்களின் உரிமையைப் பேச முடியாது. நாய் வீட்டுக்குள் கடித்தாலும் குற்றமே என்றும், உயிரிழப்பு நேர்ந்தால் 14 ஆண்டுகள் வரை சிறை என்றும் 2014இல் செய்த திருத்தம் வளர்ப்பவரை நேரடியாகப் பிடிக்கிறது. இனப்பட்டியலைவிட இது பொருத்தமானது.

இந்தியாவிலும் இதே பாதை திறக்கப்பட்டது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் கால்நடைத் துறை, பிட்புல், டோசா, ஃபிலா உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் அனுமதி தரக் கூடாதென்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நாய்களைப் பற்றி அறிந்தவர்களையும் வளர்ப்பவர்களையும் கலந்து பேசாமல் வெளியிடப்பட்டது என்று கூறி, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.