பெயரும் பிடியும்: லினக்ஸ் கெர்னலில் கம்பியில்லாக் கருவிகளின் கதை

இயங்குதளத்தின் உட்கருவாக, வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவே நின்று பணிபுரிவது கெர்னல். அதன் வேகத்தைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் எழுதியோர் பலர். அடிப்படையில் அது ஒரு கணக்குப்பிள்ளை என்பதே என் எண்ணம். எந்தக் கருவி வந்து சேர்ந்திருக்கிறது, அதற்கு என்ன பெயர், அதை இந்தக் கணத்தில் யார் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்னும் மூன்று கேள்விகளுக்கும் அது எந்நேரமும் விடை வைத்திருக்க வேண்டும். கம்பியில்லா வலைக் கருவிகளைப் பொறுத்தவரை இவற்றுக்கு விடை காண லினக்ஸ் கெர்னலுக்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது, இன்னமும் முடிந்தபாடில்லை.

கம்பிவழி வலையமைப்பில் இச்சிக்கல் எழவே இல்லை. ஓர் அட்டை, ஒரு கம்பி, ஒரு பெயர். முதல் ஈதர்நெட் அட்டை 'ஈத்-0', அடுத்தது 'ஈத்-1'. ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஒரு பதிவு. பதிவுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். உடலும் பெயரும் ஒன்றேயாக இருந்த காலம் அது.

1996-இல் ழான் தூரில்ஸ் என்பவர் கம்பியில்லா அட்டைகளுக்காக 'வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற இடைமுகத்தை உருவாக்கத் தொடங்கினார். ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது. 802.11 என்னும் பொதுத்தரம் வெளிவந்ததே 1997-இல்தான் என்பதை நினைத்தால் அவர் எவ்வளவு முந்திக்கொண்டார் என்பது விளங்கும். அவர் கையாண்ட வழி எளியது. கம்பியில்லா அட்டை, கெர்னலின் கண்ணுக்கு ஈதர்நெட் அட்டையாகவே தோன்றும். உன் வலையின் பெயர் என்ன, அலைவரிசை எது, சமிக்ஞையின் வலு எவ்வளவு என்று அதனிடம் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்கலாம், அவ்வளவே. விருந்தாளிக்கு வீட்டுக்காரரின் சட்டையை அணிவித்தது போன்ற ஏற்பாடு.

ஆனால் விருந்தாளிகள் பெருகியபோது, இயக்கி எழுதியவர்கள் தத்தம் விருப்பப்படி பெயரிட்டார்கள். ஓரினோகோ அட்டை 'ஈத்-1' என்று வரும். ராலிங்க் அட்டை 'ரா-0' என்று வரும். அதெரோஸ் அட்டை 'ஏத்-0' என்று வரும். வேறு சில 'டபிள்யூலான்-0' என்று வரும். நன்னூல் படித்தவர்களுக்கு இடுகுறிப்பெயரும் காரணப்பெயரும் நினைவுக்கு வரும். இங்கே இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்தன. ஒரு பெயரைப் பார்த்து, அது கம்பியுள்ளதா இல்லாததா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

பெயர்க் குழப்பத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய சிக்கல், உடலும் பெயரும் ஒன்று என்ற அடிப்படையே இங்கே பொருந்தவில்லை என்பது. ஒரே வானொலிச் சில்லு, ஒரே நேரத்தில் ஒரு வலையில் வாடிக்கையாளராக இணைந்திருக்கலாம். பிறருக்கு இணைப்பு வழங்கும் நிலையமாகவும் இருக்கலாம். காற்றில் செல்லும் அனைத்தையும் ஒட்டுக்கேட்கும் காவலாளியாகவும் இருக்கலாம். தெருக்கூத்தில் ஒரே கலைஞர் மூன்று வேடம் கட்டுவது போல. வேடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். கலைஞருக்கும் ஒரு பெயர் வேண்டும். கெர்னலின் ஏட்டில் இருந்ததோ ஒரே ஒரு பத்தி.

அதெரோஸ் சில்லுகளுக்கான மேட்வைஃபை இயக்கி இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. அதில் 'வைஃபை-0' தாய், 'ஏத்-0' சேய். ஆயினும் அது கெர்னலுக்கு வெளியே வளர்ந்த பிள்ளை. டிவைஸ்கேப் நிறுவனம் தன் 802.11 நிரற்தொகுதியை 2006-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது; அது செப்பனிடப்பட்டு, 'மேக்80211' என்ற பெயரில் 2007 ஜூலையில் வெளிவந்த 2.6.22 கெர்னலில் இடம்பெற்றது. இயக்கிகள் பலவும் தனித்தனியே சுமந்துகொண்டிருந்த நெறிமுறைச் சுமையைப் பொதுவில் ஏற்றுக்கொண்டது அதுதான். ஆனால் உடலுக்குப் பெயர் சூட்டும் இடத்தில் அதுவும் தடுமாறியது. வானொலியைக் குறிக்க 'டபிள்யூமாஸ்டர்-0' என்றொரு போலி இடைமுகத்தைப் பட்டியலில் சேர்த்தது. அக்காலத்தில் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். அதற்கு முகவரி கொடுத்துப் பயனில்லை, அதன் வழியே எதையும் அனுப்பவும் முடியாது. ஆனாலும் பட்டியலில் அமர்ந்திருக்கும். கலைஞரையும் ஒரு வேடமாக மேடையேற்றிவிட்ட பிழை.

தீர்வை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் யோகன்னஸ் பெர்க். அவர் வடிவமைத்த 'சிஎஃப்ஜி80211' என்னும் அடுக்கில் வானொலிக்குத் தனிப் பதிவேடு உண்டு. அதில் அதன் பெயர் 'ஃபை-0', 'ஃபை-1' என்று வரும். வலை இடைமுகங்கள் வழக்கமான பட்டியலிலேயே இருக்கும். ஒவ்வொன்றும் தன் வானொலியைச் சுட்டிக்கொண்டிருக்கும். 2009-இல் டபிள்யூமாஸ்டர் ஒழிந்தது. 2012-இல், நேரடி இணைப்புக்கான ஒரு வகைக் கருவி வந்தபோது இப்பிரிவினையின் அருமை முழுமையாகத் தெரிந்தது. அக்கருவிக்கு வலை இடைமுகமே கிடையாது. வேடம் உண்டு, மேடைப்பெயர் இல்லை. எனவே வானொலியின் எண்ணையும் அதற்குள் கருவியின் வரிசை எண்ணையும் இணைத்து 64 பிட் அடையாள எண் ஒன்று கொடுத்தார்கள். பெயரே இல்லாமல் ஒன்றைக் கணக்கில் வைக்கக் கெர்னல் கற்றுக்கொண்டது.

இடுகுறி, காரணம் என்ற வழக்கு இதற்கிடையே வேறொரு மன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. கெர்னல் தரும் 'டபிள்யூலான்-0' என்பதில் சுழியம் வெறும் வருகை வரிசை. இரண்டு அட்டைகள் இருந்தால் இன்று முந்தியது நாளை பிந்தலாம். இதைத் தடுக்க, அட்டையின் நிரந்தர வன்முகவரியோடு பெயரைப் பிணைத்து ஒரு கோப்பில் எழுதி வைத்தார்கள். விளைவு விசித்திரமானது. பழுதான அட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினால், அது 'டபிள்யூலான்-1' என்று வரும். இறந்துபோன அட்டைக்காகச் சுழியத்தின் நாற்காலி காலியாகவே காத்திருக்கும். 2013-இல் சிஸ்டம்டி தொகுதி இடத்தை வைத்துப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. 'டபிள்யூஎல்பி3எஸ்0' என்றால் மூன்றாம் பிசிஐ தடத்தில் சுழியம் செருகில் இருக்கும் கம்பியில்லா அட்டை என்று பொருள். நம் இலக்கணப்படி இது இடப்பெயர். யுஎஸ்பி அட்டைக்கு மூன்று எழுத்து முன்னொட்டும் பன்னிரண்டு இலக்க வன்முகவரியும் சேர்ந்து பெயராகும், மொத்தம் 15. கெர்னல் ஓர் இடைமுகப் பெயருக்கு அனுமதிக்கும் உச்சமும் 15 எழுத்துகளே. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பொய் சொல்லாத பெயர்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உண்மையில் உயிர்நிலை இதுதான்.

யுஎஸ்பி அட்டையை நாம் சட்டென்று பிடுங்கிவிடுகிறோம். அதே கணத்தில் கெர்னலின் பத்து மூலைகளில் பத்து வேலைகள் அந்த அட்டையின் பதிவைக் கையில் வைத்திருக்கலாம். ஆகவே பிடிப்பவர் ஒவ்வொருவரும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட வேண்டும். விடும்போது ஒன்றைக் கழிக்க வேண்டும். கெர்னல் தானும் விலகி, மற்றப் பிடிகளும் நீங்கிய பிறகே பதிவை அழிக்கலாம். யாரேனும் கழிக்க மறந்தால் பதிவு சாவதே இல்லை. 'இன்ன இடைமுகம் விடுபடக் காத்திருக்கிறேன், பயன்பாட்டு எண்ணிக்கை 1' என்ற பொருளில் கெர்னல் விட்டு விட்டுப் புலம்பிக்கொண்டே இருக்கும். கணினி மேலாளர்களுக்கு நன்கு அறிமுகமான புலம்பல் இது. அந்த 'ஒன்று' யார் என்று மட்டும் அது சொல்லாது. கடன் பாக்கி என்று தெரியும், கடன்காரன் பெயர் தெரியாது.

இந்த நிலை மாறியது 2022-இல், 5.17 கெர்னலில். எரிக் துமாஸே எழுதிய பிடி-தடங்காணும் வசதி, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு சிறு சீட்டு எழுதுகிறது. நிரலின் எந்த வழியாக வந்து பிடித்தார் என்பது அதில் இருக்கும். விடும்போது சீட்டைக் கிழித்துவிடலாம். கடைசியில் கிழிபடாமல் எஞ்சியதே குற்றவாளி. செலவு மிகுந்த ஏற்பாடு என்பதால் பிழை தேடுவோர் மட்டுமே இதை முடுக்கிக்கொள்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் எழுதிய ஏட்டில் பெயரும் ஏற இவ்வளவு காலம் ஆனது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கழிக்க மறப்பது ஒரு தொல்லை. உரிய நேரத்துக்கு முன்பே கழித்துவிடுவது பேராபத்து. இன்னும் ஒருவர் பிடித்திருக்கும்போதே பதிவு அழிந்து, அந்த நினைவகம் வேறொன்றுக்குப் போய்விடும். அவர் தொடுவது அந்நியனின் பொருளை. 2022 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் கண்டறிந்த ஐந்து ஓட்டைகள் வெளியிடப்பட்டன. சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த நிலையங்கள் கேட்கின்றன என்ற பட்டியலையும் சிஎஃப்ஜி80211 வைத்திருக்கிறது. வழக்கமாக முப்பது நொடி செவியில் படாத நிலையம் அதிலிருந்து நீங்கும். ஒரே அறிவிப்பில் பல நிலையங்களைத் தொகுத்துச் சொல்லும் வசதிக்கு 2019-இல் வந்த 5.1 கெர்னல் இடமளித்தபோது, இந்தப் பட்டியலின் பிடிக்கணக்கு பிசகியது. சிவிஇ-2022-42720 என்ற எண்ணில் பதிவான ஓட்டை பிடி எண்ணிக்கைப் பிழை; 42721 என்பது பட்டியலின் கோவையே சிதைவது. தவறான வலையில் இணைய வேண்டியதுகூட இல்லை. புனையப்பட்ட அறிவிப்புகளைக் காற்றில் ஒருவர் வீசினால் போதும், அருகில் வலைகளைத் தேடிக்கொண்டிருக்கும் கணினி தாக்குதலுக்கு உள்ளாகலாம். மூன்றாண்டுக் காலம் இக்கணக்குப்பிழை எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்த மாதமே திருத்தங்கள் வெளிவந்துவிட்டன.

2021-இல் இன்னொரு சீர்திருத்தம் நடந்தது. அதுவரை, கம்பியில்லா இயக்கியிடம் ஒரு வேலை சொல்ல, வலையமைப்பு முழுமைக்கும் பொதுவான ஒரே பூட்டைப் பிடித்தாக வேண்டியிருந்தது, 5.12 கெர்னல் முதல் ஒவ்வொரு வானொலிக்கும் தனிப் பூட்டு.

இப்போது வைஃபை 7 வந்திருக்கிறது. அதன் பல்லிணைப்பு முறையில், ஒரே இடைமுகம் இரண்டு மூன்று அலைவரிசைகளில் ஒருசேர இணைந்திருக்கும். இடைமுகத்துக்கு ஒரு வன்முகவரி, அதன் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி வன்முகவரி. பதினைந்து இணைப்புகள் வரை கெர்னல் இடம் ஒதுக்கியிருக்கிறது. ஓர் உடலுக்குப் பல வேடம் என்ற பழைய சிக்கல், ஒரு வேடத்துக்குப் பல உடல் என்று தலைகீழாகிவிட்டது. 2024-இல் 6.11 கெர்னல், ஒரே 'ஃபை'யின் கீழ்ப் பல வானொலிகளைக் காட்டவும் வழி செய்தது. கலைஞரின் பெயர் என்று எதைச் சூட்டினார்களோ, அதுவே இன்று ஒரு குழுவின் பெயராகியிருக்கிறது.