லயத்து வீட்டு ஜெபம்

தென்பாண்டிச் சீமைக்கும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் மலைகளுக்கும் 1877-ஆம் ஆண்டு ஒருங்கே தலைவிதி எழுதிற்று எனலாம். ஜான் டானியேல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றது அவ்வாண்டில்தான். தாது வருஷப் பஞ்சம் திருநெல்வேலியை வாட்டியதும், கால்டுவெல், சார்ஜென்ட் இருவரும் அச்சீமைக்கு அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்றதும், பசித்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் திருச்சபையை நாடி வந்ததும் அக்காலத்திலேயே.

பின்னர் அம்மலைகளிலுள்ள மூணாற்றில் தேயிலை வேரூன்றியபோது, ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னே போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாகத் தலைச்சுமையோடு மலையேறிய தமிழ்க் குடும்பங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. முன்பணக் கடன் என்னும் பெரும்பாரத்தோடு, அந்திவேளையில் குடும்பமாக முழங்காற்படியிடும் வழக்கத்தையும் அவர்கள் தம் ஊரிலிருந்து கொண்டுசென்றனர்.

மலைக்கோவில்களின் சரித்திரம் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. கத்தோலிக்கருக்கு 1898-இல் ஸ்பானியக் கர்மேல் சபைக் குருவான அல்போன்ஸ் அடிகள் கார்மேல் மாதா கோவிலை நிறுவினார். பழைய மூணாற்றின் குன்றிலோ கல்லறை முந்திற்று, ஆலயம் பிந்திற்று. இளம் வயதிலேயே 1894 டிசம்பரில் வாந்திபேதிக்கு இரையான தோட்டத் துரை ஒருவரின் மனைவி எலினர் நைட் அக்குன்றில் அடக்கம் செய்யப்பட்டார். அதன் அடிவாரத்தில் துரைமார் கருங்கல் ஆலயத்திற்கு 1910-இல் அஸ்திவாரமிட்டு, மறு ஆண்டு ஆராதனை தொடங்கினர். மறைந்த துரைமாரின் நாமங்களைப் பித்தளைத் தகடுகள் இன்றும் அதன் சுவர்களில் தாங்கி நிற்கின்றன.

தொழிலாளியின் பக்திக்கு அத்தகைய தகடு இல்லை. அது நிகழ்ந்த இடம் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பகலெல்லாம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து கிள்ளி, எடை போட்டுத் திரும்பிய பெண் அடுப்பை மூட்டிக் கஞ்சி காய்ச்சியபின், தரையில் சாக்கை விரித்து, அரிக்கேன் விளக்கின் திரியைச் சற்றே உயர்த்துவாள். எழுத்தறிந்த பிள்ளை ஒரு சங்கீதத்தை வாசிக்கும். பாட்டு ஒன்று எழும். பிறகு வீட்டுக்குப் பெரியவர் கண்மூடிப் பேசத் தொடங்குவார். கத்தோலிக்க வீடாயின் ஜெபமாலை உருளும். பிள்ளையின் காய்ச்சல் தணிய வேண்டும், கங்காணியிடம் பட்ட கடன் தீர வேண்டும், ஊரில் மழை பெய்து கிணறு ஊற வேண்டும் என்பவையே வேண்டுதல்கள்.

இவற்றை வெறும் லௌகிக விண்ணப்பங்கள் என்று தள்ளுவாரும் உண்டு. அது பிழையான தீர்ப்பென்றே நான் கருதுகிறேன். துரையை நிமிர்ந்து நோக்கவும் அஞ்சியவன், அகிலத்தைப் படைத்தவரை "அப்பா" என்றழைத்து, வீட்டுக் கணக்கை அவரிடம் ஒப்புவிக்கும்போது, தியான நூல்கள் பல அதிகாரங்களில் விளக்க முயலும் தெய்வ சாமீப்பியம் அங்கே சித்தியாகிவிடுகிறது. குருவானவர் எட்டாத மலைமுடிகளில், உபதேசியார் வரும் நாளுக்குக் காத்திராமல், எழுதப்படாத மன்றாட்டுகளால் ஒரு சபை தன்னைத்தானே போஷித்துக்கொண்டது. மூணாற்றின் ரயில் பாதையையே அடித்துச் சென்ற 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னும் அவ்வழக்கம் அற்றுப்போகவில்லை.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. வெள்ளைக்காரர் படிப்படியாக மலையிறங்கினர். துரைமார் கட்டிய கருங்கல் ஆலயத்தில் இன்று தமிழிலும் ஆராதனை நடக்கிறது. ஆயினும் லயத்து ஜெபத்தின் கதை முதியோரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அம்முதியோருள் பலரும் ஓய்வு பெற்றவுடன் லயத்தை விட்டுத் தமிழ்நாட்டு ஊர்களுக்குத் திரும்பிவிடுகின்றனர். மூணாற்றுப் போதகர்களும் பள்ளி ஆசிரியர்களும், தோட்டத்துப் பிள்ளைகளாய்ப் பிறந்து படித்தவர்களும், அவர்கள் அருகில் அமர்ந்து, எந்தப் பாட்டைப் பாடினார்கள், யாருக்காக மன்றாடினார்கள் என்பதைக் கேட்டு இப்பொழுதே எழுதிவைக்க வேண்டுகிறேன்.