மெடிச்சி மாளிகையும் பள்ளத்தூர் வளவும்

1921இல் இத்தாலியின் பெருஜா நகரத்தில் அஸ்தோரே லுப்பாத்தெல்லி என்ற வழக்கறிஞர் உயர்பண்பாட்டு வகுப்புகளைத் தொடங்கினார். அந்த நகரம் இருக்கும் உம்பிரியா வட்டாரத்தின் வரலாறும் கலையும் அவற்றில் பெரிய இடம் பெற்றன. நான்கே ஆண்டுகளில், 1925இல், அரச ஆணையால் அவை வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகமாக ஆயின. இத்தாலிய மொழி கற்க இன்று உலகெங்கும் இருந்து அங்கே வருகிறார்கள். சியேனாவிலும் அதுபோல ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. காலையில் இலக்கணம், பிற்பகலில் ஓவியக்கூடமோ தேவாலயமோ என்று பாடம் வகுப்பது அந்த நாட்டு மொழிப் பள்ளிகளில் இப்போது வழக்கமாகிவிட்டது.

ஓவியத்தையும் கட்டடத்தையும் காட்டி மொழி சொல்லிக்கொடுக்கும் இந்த முறையைத் தமிழுக்குக் கொண்டுவருவதானால் எங்கே தொடங்கலாம்? காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தூரைச் சொல்வேன். தஞ்சாவூரையும் மதுரையையும் விட்டுவிட்டு இந்தப் பேரூராட்சியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபுளோரன்ஸில் உள்ள ஒரு வீட்டையும் பள்ளத்தூரின் நகரத்தார் வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது புரியும்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் ஒரே தொழில்காரர்கள், லேவாதேவிக்காரர்கள். மெடிச்சி வங்கி 1397இல் ஃபுளோரன்ஸில் தொடங்கியது. அதை நடத்திய குடும்பத்தின் கோசிமோ, மிக்கெலோத்ஸோ என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1444இல் தன் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். பள்ளத்தூர்க்காரர்களும் கடல் கடந்து பர்மா, மலேயா, இலங்கை என்று கடை வைத்தவர்கள். இன்றைய முருகப்பா குழுமத்தைத் தொடங்கிய ஏ. எம். முருகப்ப செட்டியார் இந்த ஊர்க்காரர்தான். 1900இல் அவர் பர்மாவின் மோல்மேனில் தொழில் தொடங்கினார். அப்படிச் சம்பாதித்த பணம் பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் ஊருக்கு வந்து சேர்ந்தது.

அமைப்பிலும் ஒற்றுமை இருக்கிறது. மெடிச்சி மாளிகை தெருவைப் பார்த்துக் கோட்டைபோல நிற்கும். கீழ்த்தளத்துக் கற்கள் கரடுமுரடாக இருக்கும், மேலே போகப் போக வழுவழுப்பாகும். உள்ளே நுழைந்தால் வளைவுகளும் தூண்களும் சூழ, வானம் பார்த்த ஒரு முற்றம். பள்ளத்தூர் வீடும் ஒரு தெருவில் வாசலை வைத்து அடுத்த தெரு வரைக்கும் ஓடும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். சுற்றிலும் உள்ள அறைகள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. அந்த அறையையே வீடு என்பார்கள்.

மொழி மாணவர் ஒருவரை முதலில் மெடிச்சி மாளிகைக்கு அனுப்புவோம். மாடியிலுள்ள சிறிய வழிபாட்டறையின் சுவர்களில் பெனோத்ஸோ கோத்ஸோலி 1459இல் வரைந்த ஓவியம் இருக்கிறது. குழந்தை ஏசுவைப் பார்க்கப் போகும் மூன்று அரசர்களின் ஊர்வலம் அது. குதிரைகள், வேட்டை நாய்கள், பொன்னிழை ஆடைகள், ஊர்வலத்துக்கு நடுவே மெடிச்சி குடும்பத்தாரின் முகங்கள். ஆசிரியர் கேட்பார்: முன்னால் போகிறவர் யார், அவருக்குப் பின்னால் யார், ஆடை என்ன நிறம்? இத்தாலியத்தில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஆண்பாலோ பெண்பாலோ உண்டு. குதிரை ஆண்பால், ஆடை பெண்பால், முற்றம் ஆண்பால், வழிபாட்டறை பெண்பால். அதற்கேற்ப நிறத்தின் ஈறும் அளவின் ஈறும் மாற வேண்டும். புத்தகத்தில் பட்டியலாகப் படித்தால் இது சலிப்பூட்டும். சுவருக்கு முன்னால் நின்று இருபது குதிரைகளைச் சொல்லி முடிப்பதற்குள் வாய் பழகிவிடும்.

அடுத்தது காலம். கலை வரலாற்றுக் கையேடுகளில் பிறந்தார், கட்டினார், வரைந்தார் என்ற செய்திகள் பெரும்பாலும் தொலைவான இறந்தகாலத்துக்கென்றே உள்ள தனி வினைவடிவத்தில் வரும். வட இத்தாலியர் அன்றாடப் பேச்சில் அதை அநேகமாகப் பயன்படுத்துவதில்லை. மளிகைக் கடையில் மட்டும் மொழி பழகியவருக்கு அது எட்டாமலே போய்விடும், மாளிகைச் சுற்றுலா அதைக் கையில் கொடுக்கிறது. நூற்றாண்டுகளைக் குறிக்கும் முறையும் இங்கேதான் பிடிபடும். இத்தாலியர் ‘நானூறு’ என்று சொன்னால் 1400களைக் குறிக்கிறார்கள், அதாவது பதினைந்தாம் நூற்றாண்டை. இது தெரியாமல் ஓவியக்கூடத்தில் ஒரு பலகையைக்கூடச் சரியாகப் படிக்க முடியாது.

ஆக, இத்தாலிய மாளிகை மாணவருக்குக் கொடுப்பது பார்த்ததை வருணிக்கும் மொழி, முடிந்துபோனதைச் சொல்லும் மொழி. அது பெரிய கொடை. ஆனால் அந்த வீட்டில் இன்று மெடிச்சி குடும்பம் இல்லை. 1659இலேயே ரிக்கார்டி குடும்பத்துக்கு விற்றுவிட்டார்கள். இப்போது அது அருங்காட்சியகமாகவும் அரசு அலுவலகமாகவும் இருக்கிறது. வந்தவரை வரவேற்க வீட்டுக்காரர் யாரும் கிடையாது.

பள்ளத்தூரில் கதை வேறு. வீடு ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடந்தாலும், கல்யாணத்துக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பங்காளிகள் வந்து திறக்கிறார்கள். அப்போது முகப்பில் கால் வைக்கிறவரிடம் முதலில் ‘வாங்க’ என்று கேட்பார்கள். ஒருவர் கேட்டால் போதாது, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வந்தவரும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஐந்து நிமிடத்திலேயே மரியாதைப் பன்மை மாணவருடைய காதில் ஏறிவிடும்.

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். “இங்கதான் கணக்குப்பிள்ளை உக்காருவாக. கல்யாணம்னா ஆம்பளைக எல்லாம் முகப்புல இருப்பாக. சமையல் சாமான் எல்லாம் இந்த வழியாத்தான் வரும்.” உட்காருவார், இருப்பார், வரும் என்பவற்றை நம் பாடப்புத்தகம் எதிர்காலம் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறது. எழுபது ஆண்டுக்கு முன்னால் இறந்துபோன கணக்குப்பிள்ளை எப்படி எதிர்காலத்தில் உட்காருவார் என்று வெளிநாட்டு மாணவர் திகைப்பார். வழக்கமாக நடந்துவந்ததைச் சொல்லவும் தமிழ் இதே வடிவத்தைத்தான் எடுக்கிறது. வகுப்பில் எத்தனை முறை விளக்கினாலும் நழுவிப்போகிற இந்தச் செய்தி, வளவில் ஒரு ஆச்சி பத்து வாக்கியம் பேசினால் தானாகப் பதியும். ஃபுளோரன்ஸ் மாளிகை, ஒருமுறை நடந்து முடிந்ததைச் சொல்லும் காலத்தைக் கற்றுத்தருகிறது. பள்ளத்தூர் வீடு, திரும்பத் திரும்ப நடந்த வாழ்க்கையைச் சொல்லும் காலத்தைக் கற்றுத்தருகிறது. இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேற்றுமையில் என்னை அதிகம் ஈர்த்தது இதுதான்.

உறவுச் சொற்களை எடுத்துக்கொண்டால் பள்ளத்தூர் இன்னும் முந்திப் போகிறது. நகரத்தார் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்பார்கள், அம்மா ஆத்தா, அண்ணன் மனைவி அண்ணமிண்டி. ஆச்சி, ஐயா, அப்பத்தா, ஆயா என்று பட்டியல் நீளும். எந்த அறை யாருக்கு என்று கேட்டால்கூட உறவுமுறையில்தான் பதில் வரும். கல்யாணம் ஆன மகனை அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டி ‘வேறு வைத்த’ பிறகு அவர் ஊர்க்கணக்கில் ஒரு புள்ளி ஆகிறார். கட்டடம், குடும்பம், ஊர் நிர்வாகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பாடமாக இது அமைகிறது.

கைத்தொழிலை வைத்தும் ஒப்பிடலாம். ஈரச் சுண்ணாம்புச் சுவரில் ஓவியம் தீட்டும் முறையைப் பற்றிச் சென்னினோ சென்னினி 1400ஐ ஒட்டி இத்தாலியத்திலேயே ஒரு கையேடு எழுதினார். இதை எடு, அதை அரை, ஒரு நாளில் தீட்ட முடிந்த அளவுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசு என்று ஏவல் வினைகளாகவே அது நடக்கும். ஏவல் வினை கற்க அதைவிட நல்ல துணை கிடைக்காது. நம் பக்கம் ஆத்தங்குடி இருக்கிறது. அங்கே ஓடு செய்கிறவரிடம் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கண்ணாடியைத் துடைத்து, மேலே அச்சை வைத்து, சாயத்தை ஊற்றி, அச்சை எடுத்து, சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் சாந்து போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுவோம் என்பார். ஏழு வினையெச்சம் வரிசையாக நின்று ஒரே முற்றுவினையில் முடிகிறது. தமிழ் வாக்கியத்தின் முதுகெலும்பே இதுதான். இதைக் கற்க வேறு எந்தப் பயிற்சித்தாளும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இத்தாலிக்குச் சாதகம் அதிகம். ஃபுளோரன்ஸில் அருங்காட்சியகப் பலகையின் மொழியும் தெருவில் கேட்கும் மொழியும் பெரும்பாலும் நெருங்கியே இருக்கின்றன, ஏனென்றால் புத்தக இத்தாலியமே அந்த நகரம் இருக்கும் தஸ்கனி வட்டாரப் பேச்சிலிருந்து வளர்ந்தது. 1583இல் அங்கே தோன்றிய க்ரூஸ்கா கழகம் 1612இல் அகராதி வெளியிட்டு அதை நிலைநிறுத்தியது. 1861இல் நாடு ஒன்றானபோது இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்கிறார் ஒரு மொழியறிஞர், பத்துப் பேர்வரை என்கிறார் இன்னொருவர். மற்றவர்கள் வட்டார மொழிகளில் பேசினார்கள். பள்ளிக்கூடமும் வானொலியும் தொலைக்காட்சியும் பிறகு அந்த இடைவெளியைக் குறைத்தன.

தமிழில் எழுதுவதும் பேசுவதும் இன்னும் தனித்தனியாகவே நிற்கின்றன. அறிவிப்புப் பலகை ‘அமர்வார்கள்’ என்கிறது, ஆச்சி ‘உக்காருவாக’ என்கிறார்கள். இரண்டையும் கற்க வேண்டும் என்பதை முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் இத்தாலியர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாந்துவாவுக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே ஊரில் 1680இல் பிறந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர், செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணத்தை 1728இலும் சதுரகராதியை 1732இலும் எழுதினார். தன் ஊர்ப் பேச்சும் புத்தக இத்தாலியமும் வேறு வேறாக இருந்த காலத்தில் வளர்ந்தவருக்கு நம் நிலைமை எளிதில் விளங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஊரில் வாழ்ந்தே அந்த ஊர்ப் பேச்சைக் கற்கலாம் என்பதற்குப் பள்ளத்தூர் ஒரு பெரிய சாட்சியைத் தந்திருக்கிறது. மன்னார்குடியில் 1937இல் பிறந்த நடிகை மனோரமா சிறுவயதிலேயே பள்ளத்தூருக்கு வந்து வளர்ந்தவர். பள்ளத்தூர் பாப்பா என்ற பெயரில் மேடை ஏறினார். பிற்பாடு தமிழ்நாடே அவரை ஆச்சி என்று அழைத்தது, அது இந்த வீடுகளுக்குள் வழங்கும் சொல். எந்த வட்டாரத் தமிழையும் கேட்டவுடன் பேசிக்காட்டும் அவருடைய காது இந்தத் தெருக்களில்தான் பழகியிருக்க வேண்டும்.

இனிக் கதவுகளைப் பற்றிப் பேச வேண்டும். இத்தாலியில் 1975இல் ஃபாய் என்ற பாரம்பரிய அறக்கட்டளை தொடங்கியது. 1993 முதல் ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் வார இறுதி ஒன்றில், வழக்கமாகப் பூட்டியிருக்கும் மாளிகைகளையும் தோட்டங்களையும் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. 1996 முதல் பள்ளி மாணவர்களே அங்கே வழிகாட்டிகளாக நிற்கிறார்கள். தங்கள் ஊரைப் பற்றிப் படித்துத் தயார்செய்துகொண்டு, பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். மொழி கற்கும் வெளிநாட்டவருக்குத் தொழில்முறை வழிகாட்டியைவிடப் பதினாறு வயது மாணவர் நல்ல ஆசிரியர். நிதானமாகப் பேசுவார், கேட்டால் திரும்பச் சொல்வார்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பங்காளிகள் பல ஊர்களிலும் நாடுகளிலும் சிதறியிருப்பதால் பல வீடுகள் திறப்பதே அரிது. சில வீடுகள் இடிபட்டு, தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன. கடையில் நிற்கும் தூணைக் காட்டி ‘முகப்புத் தூண்’ என்று பெயர் மட்டும் சொல்லலாம். அதன் அடியில் யார் உட்காருவார்கள் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. தேவாலயத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து ஓவியக்கூடத்தில் மாட்டிய பலிபீட ஓவியங்களுக்கும் இதே குறை உண்டு.

தமிழ் கற்க வருகிறவர்களுக்கு இப்போதும் இடங்கள் இருக்கின்றன. மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் தன் மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறது. புதுச்சேரி மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் வகுப்பு நடத்துகிறது. அயலகத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பாடம் தருகிறது. மதுரையில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளத்தூர் வந்துவிடலாம்.

என் தீர்ப்பு இது: தொடக்கநிலை மாணவருக்குப் பார்த்ததைச் சொல்லவும் படிக்கவும் பழக்குவதில் இத்தாலிய முறை நம்மைவிட நன்றாக வளர்ந்திருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பேசக் கற்பதற்குப் பள்ளத்தூர் வளவு மெடிச்சி மாளிகையைவிட மேலான இடம். பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி இருக்கிறது. அந்த மாணவிகள் வழிகாட்டிகளாக நிற்கட்டும். ஆண்டுக்கு இரண்டே நாள், தைப் பொங்கலை ஒட்டி, ஐந்து வீடுகள் திறந்தால் தொடங்கப் போதும். பங்காளிகள் சம்மதித்துச் சாவியைக் கொடுக்க வேண்டும், இந்த வீடுகளில் வாழ்ந்த மூத்த ஆச்சிமார் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள் என்று நகரத்தார் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.