பிக்கப் வண்டிக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு

படிவம் 4, 5 மாணவர்களுக்கு அறிவியல் சார்ந்த வாசிப்புப் பகுதி தேடுறவங்களுக்கு இது உதவலாம். எனக்கு இது கிடைச்சது நூலகத்தில் இல்லை, கிளுவாங்கில் அப்பா வீட்டு வாசலில்.

அப்பாவிடம் பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்று இருக்கு. நம்ம நாட்டில் பிக்கப் என்றாலே பெரும்பாலும் டீசல்தான். இது அபூர்வ ரகம். எஞ்சின் விளக்கு அணையவே இல்லை, எண்ணெயையும் தண்ணி மாதிரி குடிச்சது. ஆக்சிஜன் சென்சர் போயிருச்சு என்று தெரிந்ததும், நாமே மாற்றிடலாம் என்றார் அப்பா.

தமிழில் இதை உயிர்வளி உணரி எனலாம். புகைக்குழாயில் திருகி வைத்த, கட்டைவிரல் அளவிலான பொருள். உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் எஞ்சின் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. ஏறக்குறைய 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால், இரு பக்க ஆக்சிஜன் அளவின் வேறுபாடு மின்னழுத்தமாக மாறும். பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவில், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவில். அதைப் பார்த்துத்தான் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்குது. 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்பதே கணக்கு.

இதற்கான சூத்திரத்தை ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இலேயே எழுதிவிட்டார். அதே சிர்கோனியாவை வைத்து 1897இல் விளக்கும் செய்தார். ஆனால் காருக்குள் அது வந்தது 1976இல்தான்: போஷ் நிறுவனம் செய்த உணரி, வோல்வோ காரில். இத்தனை காலம் ஏன் ஆனது? அதுக்குத் தேவையே வரலை என்பதுதான் பதில். புகையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படாத காலம் அது.

இங்கேதான் ஈயம் வருது. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியாளர், பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் எஞ்சின் 'டக் டக்' என்று இடிக்காது எனக் கண்டுபிடித்தார். 1924இல் நியூஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தனர். அதே அக்டோபரில் மிட்ஜ்லி செய்தியாளர்கள் முன் அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். ஆபத்தில்லையாம்! அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நஞ்சுக்குச் சிகிச்சை எடுத்திருந்தார். மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் போன்றோர் எச்சரித்தும் விற்பனை அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது.

எனக்குக் கோபம் வருவது அடுத்த பகுதியில்தான். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்பதற்காக முதலில் விலக்கப்படவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்துக்குப் பிறகு, 1975 முதல் அமெரிக்கக் கார்களில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. ஈயம் பட்டால் அது கெட்டுப்போகும், உணரியும் கெட்டுப்போகும். பாகத்தைக் காப்பாற்ற ஈயமில்லா பெட்ரோல் வந்தது, பிள்ளைகளும் கூடவே தப்பித்தார்கள்.

மலேசியாவில் 1985இல் பெட்ரோலின் ஈய அளவைக் கட்டுப்படுத்தும் விதிமுறை வந்தது. 1990இல் வரம்பு லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைந்தது. பெட்ரோல் வண்டிப் புகைக்கான விதிமுறை 1996இல். சென்னை உட்பட இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் 1995இல் அறிமுகமானது. கார்களுக்கான ஈயப் பெட்ரோலைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்!

இதையெல்லாம் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் 80களில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தவர். "கையில கிரீஸ் பட்டா பெட்ரோல ஊத்தித்தான்மா கழுவுவோம், யாரு சொன்னா அப்போ?" என்றார். அந்த ஈயச் சேர்மம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரலை.

வேலை சுலபமில்லை. எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றி, உணரியின் மரையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டோம். மறுநாள் ஒயர் நுழையப் பிளவு உள்ள 22 மி.மீ. சாக்கெட்டைப் போட்டு, அப்பா தன் எடை முழுவதையும் கொடுத்த பிறகுதான் அசைந்தது. புதியதன் மரையில் மட்டும் பிடிக்காமலிருக்கும் பசையைத் தடவணும். நுனியில் பட்டால் காசு வீண். விளக்கு அணைந்தது. அப்பா பழக்கதோஷத்தில் பெட்ரோல் டின்னைத் தேடினார், நான் சவர்க்காரத்தை எடுத்து நீட்டினேன்.

பழைய உணரியைக் கழுவி வைத்திருக்கேன், அடுத்த வாரம் வகுப்பில் காட்ட. உணரி, வினையூக்கி, சேர்மம், மின்னழுத்தம் ஆகிய நான்கு சொற்களையும் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கலாம் என்றிருக்கேன். அதோடு, தாத்தா பாட்டியிடம் "அந்தக் காலத்தில் கையை எதால் கழுவினீங்க?" என்று கேட்டு ஒரு பத்தி எழுதி வரச் சொல்லப் போறேன்.