மதிலைப் பெயரில் சுமந்த பட்டினம்: சோபட்மாவும் பொதுக்கேயும்

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்திலிருந்து வாணிகம் செய்த கிரேக்கமொழி மாலுமி ஒருவர் எழுதிய வழிகாட்டி நூல் 'எரித்திரையக் கடலின் பெரிப்ளஸ்'. சோழமண்டலக் கரையில் அது மூன்று துறைமுகங்களை அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறது: கமரா, பொதுக்கே, சோபட்மா. கமராவைக் காவிரிப்பூம்பட்டினத்தோடும், பொதுக்கேயைப் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டோடும் அறிஞர் பலர் பொருத்துவர். மூன்றாவதான சோபட்மாவை மரக்காணம் என்போரும் சதுரங்கப்பட்டினம் என்போரும் உண்டு. இவற்றுள் மரக்காணத்துக்கான வாதம் மொழியியல் நோக்கில் மிகவும் சுவையானது. அதன் அடித்தளம் மண்ணில் இல்லை. ஒரே ஓர் எழுத்தாலான சொல்லில் இருக்கிறது.

அச்சொல் 'சோ'. பழந்தமிழில் அதற்கு அரண், மதில் என்பது பொருள். இன்றைய வழக்கில் அது முற்றிலும் மறைந்துவிட்டது. சோபட்மா என்பதைச் சோபட்டினம் என்று மீட்டால், 'மதில் சூழ்ந்த பட்டினம்' என்ற பொருள் கிடைக்கும். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, ஓய்மான் நல்லியக்கோடனின் நாட்டில் இருந்த கடற்கரை ஊரொன்றை மதிலோடு சேர்த்துப் பெயர் பெற்ற பட்டினம் எனச் சுட்டுகிறது. உரைமரபு அதனை எயிற்பட்டினம் என விளக்கும். எயில் என்றாலும் மதிலே. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. அங்கிருந்து கிழக்கே சென்றால் எதிர்ப்படும் கடற்கரை ஊர் மரக்காணம்.

இவ்வாதத்தின் வலுவையும் வலுவின்மையையும் பிரித்துப் பார்ப்பது நன்று. கிரேக்க மூலத்தில் முதலசையின் உயிர் ஒமேகா. அது மரபுப்படி நெட்டோசை என்பதால் 'சோ'வுக்கு இசைகிறது. ஆனால் அந்நூற்றாண்டின் கிரேக்கப் பேச்சில் குறில், நெடில் வேறுபாடு மங்கத் தொடங்கியிருந்தது. எழுத்தை மட்டும் கொண்டு ஒலியை அறுதியிட முடியாது. 'பட்மா' பட்டினத்தின் சிதைவு என்பதும் ஏற்கத்தக்க ஊகமே. பெரிப்ளஸ் நமக்கு முதன்மையாகக் கிடைப்பது ஹைடல்பெர்க்கில் உள்ள 10-ஆம் நூற்றாண்டுப் படி ஒன்றின் வழியாக. இந்தியப் பெயர்களை அறியாத எழுத்தர் கையில் 'ன' ஒலிக்குரிய எழுத்து 'ம' ஆக மாறியிருப்பது வியப்பன்று. வலுவற்ற கண்ணி வேறிடத்தில் உள்ளது. மாலுமி கேட்டது 'சோ'. புலவரின் பட்டினத்துக்கு உரைமரபு தரும் பெயரில் இருப்பது 'எயில்'. ஓரூருக்கு ஒரே பொருளுடைய இரு சொற்கள் மாறி மாறி வழங்கின என்று கொண்டால்தான் இவ்விணைப்பு நிற்கும். மேலும், ஆற்றுப்படை பெரிப்ளசுக்குப் பல தலைமுறை பிந்தியது.

ஆயினும் அப்பாடல் தரும் காட்சி ஆய்வுக்குரியது. அலைகள் கரை சேர்த்த நறுமண மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றன. நுளையர் மகளிர் அவற்றை அடுப்பெரிக்கின்றனர். ஒட்டகம் தமிழ்க் கடற்கரையின் விலங்கன்று. நறுமண மரமோ தொலைவுக் கடல் வாணிகத்தின் சரக்கு. இரண்டையும் ஒரே உவமையில் வைக்கப் புலவரால் முடிந்தது. பெரிப்ளஸ் இக்கரையின் கலங்களுள் 'சங்கரா' என்பதைக் குறிப்பிட்டு, மரங்களைப் பிணைத்துச் செய்தது என விளக்குகிறது. 'சங்காடம்' என்ற தமிழ்ச் சொல்லோடு அது ஒப்பிடப்படுகிறது. ஊர்ப்பெயரும் கலப்பெயரும் உள்ளூரார் வாயிலிருந்தே கிரேக்க ஏட்டுக்குச் சென்றன என்பதற்கு இவை சான்று.

பொதுக்கேயின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே பெயர் மங்கியது, மண் பேசியது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்து, வட பகுதியில் ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள செங்கல் கட்டடத்தையும், தென் பகுதியில் சாயத் தொட்டிகள் எனத் தாம் கருதிய அமைப்புகளையும் வெளிக்கொணர்ந்தார். இத்தாலிய அரிட்டைன் கலங்கள், ஆம்போராச் சாடிகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியன ஒரே மேட்டில் கிடைத்தன. கர்நாடகத்தின் பிரம்மகிரியிலும் சந்திரவள்ளியிலும் 1947-இல் அவர் காலம் கணித்தபோது, அரிக்கமேட்டு ரௌலட்டட் வகை ஓடுகளே அளவுகோலாயின. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லே நடத்திய அகழாய்வு இப்படத்தைத் திருத்தியது. கிரேக்கத் தீவான கோஸ் வகை மதுச்சாடிகள் உரோமப் பேரரசுக்கு முன்பே இங்கு வந்தன. குடியிருப்பும் அதற்கு முந்தியது. அயலார் நிறுவிய நகரன்று. அயலாரும் வந்துபோன தமிழ் ஊர்.

இன்று அரிக்கமேட்டுக்குச் செல்வோர் அங்கு நிற்கும் செங்கல் வளைவுகளை உரோமக் கட்டடம் என்று எண்ணிப் படமெடுத்துத் திரும்புகின்றனர். உண்மையில் அவை 18-ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மறைப்பணி இல்லத்தின் எச்சங்கள். பண்டைய சுவர்கள் அகழ்ந்தபின் மீண்டும் மூடப்பட்டன. மரக்காணத்திலோ உப்பளங்களும், சோழர் கல்வெட்டுகளைத் தாங்கிய பூமீசுவரர் கோயிலும் கண்ணில் படுகின்றன, எயில் தென்படுவதில்லை. மணலும் கழிமுகமும் நகரும் கரையில் மதில் எஞ்சுவது அரிது. கோட்டை என்றதும் கருங்கல்லை எதிர்பார்ப்பதும் பிற்கால வழக்கின் விளைவே. சங்ககால எயில் மண்ணாலோ செங்கல்லாலோ ஆனதாகவே பெரும்பாலும் இருந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் இடிபாடு பழமைக்குச் சான்றாகாது. இடிபாடு இல்லாமை ஊர் இல்லாமைக்குச் சான்றாகாது. பெயரை மட்டும் நம்பினால் ஒலி ஒப்புமையில் வழுக்கி விழுவோம். மண்ணை மட்டும் நம்பினால் ஊரார் தம் ஊரை என்னவென்று அழைத்தனர் என்பதை இழப்போம். தமிழ்நாட்டில் தொல்லியலும் மொழியியலும் இன்னும் தனித்தனித் துறைக் கட்டடங்களில் அமர்ந்திருக்கின்றன. சோபட்மா போன்ற வினாக்கள் அவ்விரண்டிலும் பயின்ற மாணவருக்காகக் காத்திருக்கின்றன. தமிழர் பேச்சில் மறைந்த 'சோ'வை ஒரு கிரேக்க மாலுமியின் ஏடு தன் எழுத்தில் காத்துவைத்திருக்கிறது என்றால், அதைச் சரிபார்க்கும் கடமை நமக்குரியது.