அலுமாரியும் திறப்பும்: தெல்தோட்டைத் தோட்டப் பாடசாலைகளின் நூல் இரவல் முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பேராதனையிலிருந்து கலஹா ஊடாகத் தெல்தோட்டைக்குச் செல்லும் வீதி பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்தே செல்கின்றது. இலட்சக்கணக்கான நூல்களைக் கொண்ட நூலகம் ஒன்றின் அயலிலே ஆரம்பிக்கும் அவ்வீதி, தேயிலை மலைகளுக்கூடாக வளைந்தேறி, ஓர் இரும்பு அலுமாரியையே நூலகம் எனக் கொண்டியங்கும் ஆரம்பப் பாடசாலைகள் உள்ள பிரதேசத்தைச் சென்றடைகின்றது. இவ்விரு முனைகளுக்கும் இடையிலான தூரம் மைல் கணக்கில் மிகப் பெரிதன்று. ஆயினும் அதனைக் கடப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் போதவில்லை. அது ஏன் என்னும் வினாவை இக்கட்டுரையில் ஒரு சிறிய விடயத்தினூடாக, அதாவது பாடசாலை நூலகத்தில் நூல் இரவல் வழங்குவதற்கான விதிகளினூடாக, நோக்க விழைகின்றோம்.

இரவல் விதி என்பது வெறும் நிருவாக விடயம் என்றே பலரும் கருதுவர். ஒரு தடவையில் ஒரு நூல், தவணை ஒரு வாரம், தாமதித்தால் தண்டப்பணம், தொலைந்தால் அதன் பெறுமதி, இவற்றுக்கெல்லாம் பொறுப்பாகப் பெற்றோரின் கையொப்பம். எங்கும் காணப்படும் இவ்விதிகள் எவருக்கும் அநீதி இழைப்பனவாக மேலோட்டமாகத் தோன்றுவதில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வகையான வாசகனை முன்கூட்டியே கற்பனை செய்துகொள்கின்றன. அவனுக்கு முகவரியுள்ள வீடு இருக்கின்றது. வீட்டில் நூலை வைப்பதற்கு நனையாத ஓர் இடம் இருக்கின்றது. கையொப்பமிட அஞ்சாத தந்தை இருக்கின்றார். இழப்பை ஈடுசெய்யும் பணமும் அவரிடம் இருக்கின்றது. தெல்தோட்டை மலைகளின் தோட்டப் பிள்ளை இந்தக் கற்பனைக்குள் அடங்காதவன். அவன் அடங்காமற் போனமை தற்செயலன்று. அதற்கொரு சரித்திரம் உண்டு.

இப்பிரதேசம் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் தொட்டில்களுள் ஒன்று என்பது நன்கறிந்த செய்தியே. 1852இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அதற்கு முன்னரே இங்கு கோப்பி செழித்திருந்தது. துரைமாருக்கும் இராணுவ அதிகாரிகளுக்கும் கண்டியில் வாசிக்க இடமிருந்தது. கண்டி வாவிக் கரையில் அரசிகளின் நீராடு மண்டபமாயிருந்த கட்டிடம் பிரித்தானியர் கைக்கு மாறியபின் மேல்மாடி சேர்க்கப்பட்டு அவர்களது நூலகமாயிற்று. தோற்கடிக்கப்பட்ட அரண்மனையின் நீராடுமிடத்தில் வெற்றி பெற்றோர் அமர்ந்து நூல் வாசித்தனர் என்பது தனியாக எழுதப்பட வேண்டிய கதை. இங்கு நமக்கு வேண்டியது, மலைநாட்டில் நூலகம் என்னும் நிறுவனம் யாருக்காக முதலில் அமைந்தது என்பதேயாகும்.

தொழிலாளரின் பிள்ளைகளுக்கோ நூலகத்துக்கு முன் பாடசாலையே இருக்கவில்லை. 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் சில தோட்டங்களிற் பாடசாலைகளை நடத்தியது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது. ஆனால் கல்வி பெற்ற பிள்ளை கொழுந்து பறிக்க வரமாட்டாது என்னும் அச்சம் நிருவாகத்துக்கு இருந்தமையால், சட்டம் கோரிய மிகக் குறைந்த அளவே வழங்கப்பட்டது. ஒரு கூடம், ஓர் ஆசிரியர், எழுத்து, வாசிப்பு, கணக்கு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இத்தகைய பாடசாலைக்கு நூலகம் வேண்டுமென எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. வாசிக்கப் பழக்குவதே அதன் எல்லை. வாசிப்பதற்கு எதையேனும் கொடுப்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தின் மாற்றங்களும் தோட்டத்தின் வாயிலில் நின்றுவிட்டன. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் முழுப்பயன் இப்பிள்ளைகளை எட்டவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. தோட்டங்கள் 1970களில் தேசியமயமாக்கப்பட்டதன் பின்னர், சிறப்பாக 1977ஐத் தொடர்ந்தே, அவை கட்டம் கட்டமாக அரசின் கீழ் வந்தன. 1980இல் இலவசப் பாடநூல் விநியோகம் ஆரம்பமாயிற்று. லயக் காம்பராக்கள் பலவற்றுள் அச்சிட்ட நூல் பிள்ளையின் பெயரால் நுழைந்தது அதன் பின்னர்தான் எனலாம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டிடங்கள் எழுந்தன, ஆசிரியர் பயிற்றப்பட்டனர். நாட்டளவிற் பாடசாலை நூலகங்களுக்கான முயற்சி 1990களின் இறுதியில் வேகம் பெற்றது. ஆசிரிய நூலகரைப் பயிற்றும் நோக்குடன் 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் விஞ்ஞானங்களுக்கான தேசிய நிறுவனம் உருவாகியது. அலுமாரி, மலைக்கு வந்து சேர்ந்த வரலாறு இதுதான்.

அலுமாரி வந்தது, திறப்பு யார் கையில் என்பதே அடுத்த பிரச்சினை. இப்பகுதியில் நாம் சென்று பார்த்த ஓர் ஆரம்பப் பாடசாலையில் (அதன் பெயர் இங்கு அவசியமன்று) நூற்சேர்வுப் பதிவேடு ஒழுங்காக, அழகிய கையெழுத்தில், இலக்கம் தவறாது எழுதப்பட்டிருந்தது. இரவற் பதிவேட்டிலோ சில பக்கங்களே நிரம்பியிருந்தன. அதிபர் நல்ல மனிதர். பிள்ளைகள் மீது அன்புள்ளவர். நூல்களை ஏன் வெளியே கொடுப்பதில்லை என வினவியபோது, ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பில் ஒரு நூல் குறைந்தாலும் விளக்கம் கொடுக்க வேண்டியவர் தாமே என்றார். இது அவருடைய தனிப்பட்ட கருமித்தனமன்று. அரசாங்கப் பொருளின் இழப்புக்குப் பொறுப்பாளரான அலுவலரிடமே கணக்குக் கேட்கும் நிதிப் பிரமாணங்கள், மேசையையும் கதிரையையும் போலவே நூலையும் காண்கின்றன. மேசை பயன்படுத்தப்பட்டாலும் அறையை விட்டு நீங்காது. நூலோ அறையை விட்டு நீங்கினாலன்றிப் பயன் முழுமை பெறாது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிய கணத்திலேயே நூல் தளபாடமாகிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்குரியவை என்பது. மத்தியகால ஐரோப்பாவில் நூல்கள் சங்கிலியால் அடுக்குகளோடு பிணைக்கப்பட்டிருந்தன. அங்கும் நோக்கம் தீயதன்று. கையெழுத்துப் பிரதி அருமையானது, அழிந்தால் மீளாது. அச்சியந்திரத்தின் பின்னரும் அச்சங்கிலி நெடுங்காலம் கழற்றப்படாதிருந்தமைக்குக் காரணம், பாதுகாத்தல் என்னும் கடமை வழங்கல் என்னும் கடமையை விழுங்கிவிட்டமையாகும். நமது இரும்பு அலுமாரியின் பூட்டு அச்சங்கிலியின் பேரப்பிள்ளை என்றால் மிகையாகாது.

எனினும் அதிபரை மட்டும் நோக்குவது பிரச்சினையின் ஒரு பக்கத்தையே காண்பதாகும். மறுபக்கத்தில் பெற்றோர் உளர். நூலை வீட்டுக்குக் கொண்டு செல்வதற்கான படிவத்திற் கையொப்பமிடத் தயங்கும் தாய்மாரை இம்மலைகளில் இன்றும் காணலாம். ‘புத்தகம் வேண்டாம், தொலைஞ்சா யாரு கட்டுறது’ என்பதே அவர்களது கேள்வி. இதனை அறியாமை என்று சிலர் ஒதுக்குவர். நாம் அவ்வாறு கருதவில்லை. தோட்டத் தொழிலாளரின் சரித்திரத்திற் காகிதம் என்பது பெரும்பாலும் கடனின் மறுபெயராகவே இருந்துள்ளது. பிரயாணச் செலவு முதற்கொண்டு கங்காணியிடம் பெற்ற முற்பணம் அவன் பெயரிற் கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்கு ‘துண்டு’ வேண்டும். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்னும் சீட்டு அது. மனிதன் கடனோடு சேர்த்துக் கைமாறினான். 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் செக்ரோலில் ‘பேர்’ விழுந்ததா, ‘அரைப்பேர்’ போட்டுவிட்டார்களா என்னும் கவலை தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இதே மக்கள் தம்மிடம் இல்லாத காகிதங்களைக் காட்டுமாறு கேட்கப்பட்டனர். காகிதம் இருந்தாற் கடன், இல்லாவிட்டால் நாடின்மை என்றவாறு மூன்று தலைமுறைகளைக் கண்ட குடும்பத்தில், பிள்ளை நீட்டும் படிவத்தைத் தாய் ஐயத்தோடு பார்ப்பது அனுபவத்தின் விளைவே.

ஒரு பொருளியல் உண்மையும் இதிற் கலந்துள்ளது. ஒரு சிறுவர் நூலின் விலை கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒருநாட் கூலியிற் கணிசமான பங்காகும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அடுப்புப் புகையும் மழைக்காலத்து ஈரமும் கைக்குழந்தையும் ஒன்றாய் இருக்க, நூல் பழுதடைவது கவனக்குறைவினால் மட்டும் நிகழ்வதன்று. நகரத்துப் பிள்ளைக்கு ஏற்படுத்தப்பட்ட தண்ட விதியை இங்கு அப்படியே பிரயோகிப்பது, வீட்டு வசதியின்மைக்காகப் பிள்ளையைத் தண்டிப்பதாகும்.

பாடசாலை நூலகம் இல்லாவிட்டாலும் பொது நூலகம் உண்டே எனச் சிலர் கேட்கலாம். இலங்கையின் பொது நூலகங்கள் பலவற்றில் அங்கத்துவம் பெறுவதற்கு, அவ்வுள்ளூராட்சிப் பிரதேசத்திற் சோலைவரி செலுத்தும் ஒருவரின் பிணை கேட்கப்படுவது நெடுங்கால வழக்கம். லயக் காம்பராவுக்குச் சோலைவரி இல்லை. அது குடியிருப்போருக்குச் சொந்தமுமன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை வழங்குவதற்குத் தடையாகவே நெடுங்காலம் விளங்கப்பட்டு வந்தது. 2018இலேயே திருத்தம் கொண்டுவரப்பட்டது. எனவே தோட்டப் பிள்ளைக்குப் பிணை நிற்க அவனுடைய லயம் முழுவதிலும் தகுதியுடைய ஒருவரும் இல்லாதிருந்தனர். அவனுக்குப் பிணை கேளாது நூல் கொடுக்கக்கூடிய ஒரேயொரு நிறுவனம் பாடசாலைதான். அதுவும் பிணை கேட்டால், அவனுக்கு வேறு வாசல் இல்லை.

இம்மண்ணிற் கல்வி முளைக்காது என்னும் பழைய வாதத்தையும் இங்கு தொட்டுச் செல்வது நன்று. அருள்வாக்கி எனப் போற்றப்பட்ட அப்துல் காதிர்ப் புலவர் (1866–1918) தெல்தோட்டையைச் சேர்ந்த போப்பிட்டியிற் பிறந்தவர். கண்டி நகரைப் பொருளாகக் கொண்டும் செய்யுள் நூல்கள் இயற்றியவர். கோப்பித் தோட்டங்களின் நடுவே செய்யுள் வளர்ந்தது. பின்னர் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் பாட்டுப் பிரசுரங்களைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றபோது, எழுத்தறிந்த ஒருவர் படிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். வாசிப்பின் மீதான வேட்கை எப்போதும் இருந்தது, வழங்கல்தான் இருக்கவில்லை. நாம் பார்த்த அலுமாரியில் அப்துல் காதிர்ப் புலவரின் நூல் ஒன்றேனும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அப்படியாயின் எத்தகைய விதிகள் பொருந்தும்? அனுபவமுள்ள ஆசிரியர் சிலருடன் உரையாடியதில் நாம் அறிந்தவற்றைச் சொல்கின்றோம். தனிப்பிள்ளையின் பெற்றோருக்குப் பதிலாக வகுப்பே பிணையாக நிற்கலாம்: பத்து அல்லது பதினைந்து நூல்கள் ஒரு பெட்டியில் வகுப்புக்கு ஒப்படைக்கப்படும், உள்ளே யார் யாருக்குக் கைமாறிற்று என்பதை மாணவர் இருவர் ஒரு கொப்பியில் எழுதுவர், பெட்டி தவணை முடிவில் திரும்பும். இதிற் கையொப்பமும் இல்லை, தண்டப்பணமும் இல்லை. பழுதான நூலைப் பிள்ளையே ஆசிரியருடன் அமர்ந்து ஒட்டித் தைப்பதே ஈடு. மேற்கணக்கிலிருந்து நெடுந்தூரம் நடந்துவரும் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுப்பதைவிட இரு வாரத் தவணை உகந்தது. மழை நாட்களில் வரவு குறையும். ஆகவே தாமதம் குற்றமாகாது. நூலுக்கு நெகிழி உறை இடுவது சிறு செலவு, பெரும் பயன். 1931இல் மன்னார்குடிச் சுற்றுவட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்கள் கிராமம் கிராமமாகச் சென்றபோது, வாசகன் நூலைத் தேடி வரவேண்டும் என்னும் நியதி தலைகீழாயிற்று. கீழ்க்கணக்கு லயத்திற்கு ஒரு பெட்டியைத் தூக்கிச் செல்ல மாட்டு வண்டியும் தேவையில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் போதும்.

இவற்றுட் பலவற்றை ஓர் அதிபர் தாமாகவே தொடங்கலாம். ஒன்றை மட்டும் அவராற் செய்யமுடியாது. ஆண்டுதோறும் நூல்களில் ஒரு விகிதம் பாவனையினால் தேய்ந்தும் தொலைந்தும் போகும் என ஏற்றுக்கொண்டு, விளக்கம் கேளாமல் அவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்க அனுமதிக்கும் சுற்றுநிருபம் மேலிடத்திலிருந்து வரவேண்டும். சிறுவர் நூலைத் தளபாடப் பட்டியலிலிருந்து பிரித்து, சுண்ணாம்புக் கட்டியைப் போலப் பாவித்துத் தீர்வதற்குரிய பொருளாக வகைப்படுத்தினால் இது கைகூடும். கிழிந்துபோன நூலொன்று ஏன் கிழிந்தது எனக் கேட்கும் கணக்காய்வாளர், கிழியாத நூலொன்று ஏன் கிழியவில்லை எனவும் கேட்பாரானால் இன்னும் நன்று. அச்சுற்றுநிருபம் வரும்வரை திறப்பு அதிபரின் மேசை லாச்சியிலேயே இருக்கும். அவரை நாம் குறைகூற முடியாது.